டைனோசரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: ஹாஃப் டெர்ம் விடுமுறையில் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குக் குடும்பமாகப் போகலாம் என்றிருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
- வாசகி, ஹாரோ

பதில்: முடியாதுங்க, முயலவும் வேண்டாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அறை அறையாக ஓடினால் மதியத்துக்குள் சின்னவன் தரையில் படுத்துவிடுவான், அத்தைக்குக் கால் வீங்கிவிடும், அப்புறம் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. மூன்று இடங்களை முன்னாடியே தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆற அமர நில்லுங்கள்.

முதலில் வழி. நுழைவு இலவசம்தான், ஆனாலும் ஹாஃப் டெர்மில் கூட்டம் நெரியும் என்பதால் இணையத்தில் இலவச டிக்கெட் எடுத்து வைத்துவிடுங்கள். காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், அந்த நேரத்துக்கே போய்விடுவது நல்லது. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதை வழியாகவே மியூசியம் வரை நடந்துவிடலாம், ஆனால் ஸ்டேஷனில் படிக்கட்டுகள் உண்டு. அத்தையை அந்தப் படிகளில் ஏற்றி இறக்காமல் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ எக்ஸிபிஷன் ரோடு வாசலுக்கே கூட்டி வந்துவிடுங்கள், அங்கே படியில்லாமல் உள்ளே போகலாம்.

அந்த வாசலில் நுழைந்ததுமே பிள்ளைகளுக்கு ஒரு டைனோசர் கிடைத்துவிடும். முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசாரஸ், செல்லப்பெயர் சோஃபி. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்தது, 15 கோடி ஆண்டுப் பழசு. சின்னவனுக்கு இது போதும் என்றே சொல்வேன். டைனோசர் கூடத்தில் தலையை ஆட்டி உறுமுகிற டி-ரெக்ஸ் இயந்திர பொம்மை இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் பெரிய வரிசை. நாலு வயதுப் பிள்ளைகள் பலர் அதன் முன்னால் வீரிட்டு அழுவார்கள். அவனே கேட்டால் போங்கள், பயந்தால் திரும்பிவிடுங்கள், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு' என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது நடுக்கூடம். எல்லோரும் அண்ணாந்து பார்த்து நிற்கும் நீலத்திமிங்கலம் அங்கேதான் தொங்குகிறது. 25.2 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட முழுக்க நிஜ எலும்பு. 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு துறைமுகத்தருகே கரைதட்டிய பெண் திமிங்கலம் அது. 2017இல் இந்தக் கூடத்தில் தொங்கவிட்டபோது 'ஹோப்' என்று பெயர் வைத்தார்கள். வேட்டையாடி வேட்டையாடி அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோன இந்த உயிரினத்தைக் காப்பாற்றுவது என்று 1966இல் நாடுகள் கூடி முடிவெடுத்ததும் இதே லண்டனில்தான். மகளிடம் இதைச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். வாயை அகலத் திறந்து இரை மேல் பாய்கிற நிலையில் அதை அமைத்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் தாடை எலும்பு இரண்டும் வில் மாதிரி வளைந்து நிற்கும், மாடிக்குப் போனால் அதன் முதுகுத்தண்டு கண்ணெதிரே வரும். லிஃப்ட் உண்டு, அத்தையையும் மேலே கூட்டிப்போங்கள். போகும்போது தூண்களையும் வளைவுகளையும் கவனிக்கச் சொல்லுங்கள், சுட்ட மண்ணில் செய்த குரங்குகள் அதில் ஏறிக்கொண்டிருக்கும். சின்னவனை எண்ண விட்டால் நேரம் போவதே தெரியாது. அதே கூடத்தின் மேல்தளத்தில் 1,300 வருடம் வாழ்ந்த கலிஃபோர்னியா செகுவோயா மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று இருக்கிறது. என் கணக்கில் டி-ரெக்ஸ் வரிசையைவிட இந்த மரத்தடி எவ்வளவோ மேல்.

மூன்றாவது இடம் உங்கள் மகளுக்காக. கடல்வாழ் ஊர்வனவற்றின் புதைபடிவங்கள் சுவர் நெடுக மாட்டியிருக்கும் நடைக்கூடம். அங்கே மேரி ஆனிங் கண்டெடுத்தவை இருக்கின்றன. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் ரீஜிஸ் என்கிற ஊரில் ஏழைத் தச்சர் வீட்டில் 1799இல் பிறந்தவர். கடற்கரைப் பாறைகளில் கிளிஞ்சல் மாதிரியான புதைபடிவங்களைப் பொறுக்கிச் சுற்றுலா வந்தவர்களிடம் விற்றுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. பன்னிரண்டு வயசு வாக்கில் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசார் என்கிற பழங்காலக் கடல் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூட்டை வெளியே கொண்டுவந்தார். பிற்பாடு பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் அவர் கண்டெடுத்ததை வைத்துக் கட்டுரை எழுதினார்கள், பல இடங்களில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் மகளை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள், பெயர்ப் பலகையை அவளே தேடிப் படிக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். மழை இல்லாவிட்டால் வெளித் தோட்டத்திலேயே சாப்பிடலாம், 2024இல் புதுப்பித்துத் திறந்த பிறகு அதுவே பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது, டிப்ளோடோகஸ் என்கிற நீளக்கழுத்து டைனோசரின் வெண்கல உருவம் ஒன்று அங்கே நிற்கிறது. சாப்பிட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். இலவசம்தானே, மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மியூசியத்தில் எதைப் பார்த்தாலும் "இது நிஜமா, பொம்மையா?" என்றே என் பையன் கேட்கிறான். பொம்மை என்றால் முகம் வாடிவிடுகிறது. என்ன சொல்வது?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்காரன் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் அவன் கேட்கிறான். லண்டனில் 1979 முதல் 2017 வரை அதே நடுக்கூடத்தில் நின்ற டிப்பி என்கிற டிப்ளோடோகஸ் முழுக்க பிளாஸ்டர் வார்ப்பு. நிஜ எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இருக்கின்றன. மன்னர் ஏழாம் எட்வர்ட் அதன் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்க, கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி ஒவ்வொரு எலும்புக்கும் அச்செடுத்து வார்த்து அனுப்பினார். 1905இல் திறந்துவைத்தார்கள். எலும்பு கல்லாகிவிட்டால் பாரம் ஜாஸ்தி, எளிதில் உடையும், உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும், அதனால் பத்திரமாக வைத்துவிட்டு வார்ப்பைக் காட்சிக்கு வைப்பார்கள். பொம்மை என்றால் கற்பனையில் செய்தது, வார்ப்பு என்றால் நிஜத்தின் மேல் அச்செடுத்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் முகம் வாடாது, அவனே பலகையைப் படித்து உங்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: லண்டனுக்கெல்லாம் நாங்கள் எங்கே போக? சென்னையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே! 1851இல் தொடங்கியது, வயதில் லண்டன் கட்டிடத்துக்கு மூத்தது. லண்டனில் 1881இல்தான் திறந்தார்கள். பழைய மெட்ராஸ்காரர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அந்த உயிர் காலேஜும் 1855இல் இதே வளாகத்தில்தான், அப்போது அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் முயற்சியில் ஆரம்பித்தது. இடம் மாறி மாறி 1985இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. திமிங்கல எலும்புக்கூடு இங்கேயும் உண்டு, அதிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம் புதைபடிவங்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில் அம்மோனைட் என்கிற அழிந்துபோன கடலுயிரியின் சுருள் சுருளான புதைபடிவங்கள் கிடைக்கின்றன, மேரி ஆனிங் பொறுக்கி விற்றதும் இதே வகைதான். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளில் போங்கள்.