ஓசூர் இவ்வளவு வளர்ந்துவிட்டதே, கூடுதல் நீதிமன்றம் வேண்டுமென்றால் யார் முடிவெடுப்பது?

கலெக்டர் இல்லை. வக்கீல்கள் சங்கம் மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். நிலுவை வழக்குகளைப் பார்த்து உயர் நீதிமன்றம் பரிந்துரைக்கும். மாநில அரசு அரசாணை போட்டுப் பணியிடமும் நிதியும் ஒதுக்க வேண்டும். இழுபறி பெரும்பாலும் இங்கேதான். கட்டடம்கூட வாடகைக்குக் கிடைத்துவிடும். நீதிபதி, சிரஸ்தார் (நீதிமன்ற அலுவலகப் பொறுப்பாளர்), தட்டச்சர் என்று ஒரு பட்டாளத்துக்கே மாதாமாதம் சம்பளம் வேண்டுமே! அப்புறம் ஆள் எடுப்பது: சிவில் நீதிபதிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடக்க வேண்டும்.

சரி, தேவை எவ்வளவு? 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த, ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 18.8 லட்சம் பேர். அந்த விகிதத்தில் 94 நீதிபதிகள். அதற்குப் பிறகு ஓசூருக்கு வேலைக்கு வந்து குடியேறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.