கைடுலைனை எழுதுவது யார்? மார்பகப் புற்றுநோய் பற்றி வடசென்னையில் கேட்டவை

தண்டையார்பேட்டையில் ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும் மேசைமேல் துண்டுச் சீட்டுகள் குவிந்துவிட்டன. நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் புற்றுநோய் மருத்துவர். இருபது வருடமாக வடசென்னையில்தான் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

ராயபுரம்: டாக்டரம்மா, மாமியாரை ரெண்டு இடத்தில் காட்டினோம். ரெண்டு பேருமே "கைடுலைன்படி" என்கிறார்கள். அதை எழுதுவது யார்?

கைடுலைன் என்றால் எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று சொல்லும் வழிகாட்டுதல். அதைத் தனி ஒருவர் எழுதுவதில்லை அம்மா. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ மருத்துவர்கள், பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கைச் சோதிக்கும் நோயியல் நிபுணர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்வார்கள். பல குழுக்களில் நோயிலிருந்து மீண்ட பெண்களுக்கும் இடம் உண்டு. முதலில் கேள்வியை முடிவு செய்வார்கள். பிறகு அதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தேடி, எது எவ்வளவு நம்பத் தகுந்தது என்று தரம் பிரிப்பார்கள். நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2016இல் ஒன்று வெளியிட்டது. மும்பை டாடா மெமோரியலை மையமாகக் கொண்ட தேசிய புற்றுநோய் கூட்டமைப்பும் வெளியிடுகிறது.

வியாசர்பாடி: கைடுலைன் எழுதும் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கிறதாமே. ஆதாரம்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. ஆதாரம் எல்லா இடத்துக்கும் வந்து சேராது. எண்பது வயதுப் பாட்டி, சர்க்கரை, இதயமும் பலவீனம். இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டி என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். அங்கே அனுபவம்தான் பேச வேண்டும். அதற்காக மூத்தவர் குரல் மட்டும் கேட்டாலும் ஆபத்து. டெல்ஃபி என்றொரு முறையில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பார்கள். யார் சொன்னது என்று தெரியாமல், எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதை மட்டும் காட்டி மறுபடி கேட்பார்கள். பேராசிரியரை மறுத்துச் சொல்ல இளையவருக்குத் தயக்கம் இருக்காது.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் 1978இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் மாநாட்டில் வாக்கெடுப்பு வெளிப்படையாகவே நடக்கும். ஆம், இல்லை, வாக்களிக்கவில்லை, இந்த மூன்றில் ஒன்று. சதவீதம் அரங்கத்துக்கே தெரியும். அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். குழுவில் 85 சதவீதம் பேராவது சம்மதித்தால்தான் ஒருமித்த பரிந்துரை. குறைந்தால் ஒரு படி கீழே வைப்பார்கள். "எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை" என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்களே, அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

காசிமேடு: இருபது வருடம் முன்னால் அம்மாவுக்கு மார்பையே எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தப்பாகச் செய்துவிட்டார்களா?

மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் பிஷர், இத்தாலியில் வெரோனேசி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளின் இருபது வருடக் கணக்கு 2002இல் வந்தது. தகுந்த பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்தாலும் முழு மார்பை எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தால் பொதுவாகப் பின்னால் கதிர்வீச்சு வேண்டும். கட்டி பெரிதாக இருந்தாலும், தினமும் கதிர்வீச்சுக்குப் போக வழியில்லாவிட்டாலும் அன்று முழுதாக எடுப்பதே சரியாக இருந்திருக்கும்.

அந்தக் கதிர்வீச்சும் மாறிவிட்டது. முன்பு 25 நாள், ஐந்து வாரம். இப்போது பலருக்கும் 15 நாள். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு சிலருக்கு ஐந்தே நாள். விடிகாலையில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து விற்கிற பெண்ணுக்கு இது எத்தனை நாள் கூலி என்று யோசித்துப் பாருங்கள்.

திருவொற்றியூர்: ரிப்போர்ட்டில் "ஹெர்2, 2+" என்று இருக்கிறது. இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். காசு பிடுங்குகிறார்களா?

இல்லை. ஹெர்2 என்பது புற்றுநோய்ச் செல்லை வேகமாக வளர வைக்கும் ஒரு புரதம். 3+ என்றால் அது அதிகம், 0 அல்லது 1+ என்றால் அதிகமில்லை. 2+ இரண்டும் கெட்டான். அந்தப் புரதத்தின் மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். அதில் தவறினால் முடிவே மாறிப்போகலாம்.

பெரம்பூர்: மருந்துக் கம்பெனி பணம் வாங்கிய டாக்டர் குழுவில் இருந்தால்?

யாரிடம் என்ன வாங்கினேன் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட கேள்வி வரும்போது விலகி நிற்க வேண்டும். அறிவிப்பு இல்லாத வழிகாட்டுதலை நான் நம்புவதில்லை.

கொடுங்கையூர்: அதெல்லாம் பணக்கார நாட்டுக்கு எழுதியது. எங்களால் முடியுமா?

முடிவதற்காகவே படிநிலை வைத்து எழுதுகிறார்கள். நம் தேசிய கூட்டமைப்பு ஒவ்வொரு சிகிச்சையையும் கட்டாயம் வேண்டியது, இருந்தால் சிறப்பு, விருப்பத்துக்கு உரியது என்று பிரிக்கிறது. உங்கள் மருந்து எந்த வரிசையில் வருகிறது என்று கேளுங்கள். கட்டாய வரிசையில் இருந்தால் கடனை வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுன்ட்டருக்குப் போங்கள். அப்படியே "எங்கள் கேஸை ட்யூமர் போர்டில் வைத்தீர்களா?" என்றும் கேளுங்கள். பல துறை மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.