அழுங்கு முட்டை போடுமா?

கேள்வி: போன வாரம் ராத்திரி எங்கள் ஏலத்தோட்டத்துக்குள் ஒரு அழுங்கு வந்துவிட்டது. இங்கே மலையாளிகள் ஈனாம்பேச்சி என்பார்கள். உடம்பெல்லாம் செதில், வாயில் பல்லே இல்லை, அதனால் பாம்பு மாதிரி முட்டைதான் போடும் என்கிறார் என் மாமனார். ஏழாவது படிக்கும் மகளோ, அது பாலூட்டி, குட்டிதான் போடும், ஆனால் முட்டை போடும் பாலூட்டியும் எங்கோ இருக்கிறது என்கிறாள். முட்டை போட்டால் அது எப்படிப் பாலூட்டி ஆகும்?
- ஒரு வாசகி, வண்டன்மேடு

பதில்: மகள் சொன்னது இரண்டுமே சரி. அழுங்கின் செதில் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனது. பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும், அது கொஞ்சம் வளர்ந்ததும் தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு இரை தேடக் கூடவே போகும்.

அப்புறம் முட்டை விஷயம். பாலூட்டி என்ற சொல்லையே பாருங்கள், அதில் பால்தான் இருக்கிறது, குட்டி இல்லை. தேக்கடி யானை ஏறக்குறைய 22 மாதம் சுமந்து ஈனுகிறது, கங்காரு ஒரு மாதம்போலச் சுமந்து விரல் நீளம்கூட இல்லாத குட்டியைப் பைக்குள் வைத்து வளர்க்கிறது, இரண்டும் பால் கொடுப்பவைதான். ஆஸ்திரேலியாவில் வாத்து மாதிரி அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்கு ஆற்றங்கரை வளைக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, உடம்பைச் சுருட்டி அணைத்துப் பத்து நாள்போல அடைகாக்கும். கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, பாம்பு முட்டைபோலத் தோலாக இருக்கும். குஞ்சு வெளியே வந்ததும் பால்தான், அதுவும் தாய்க்குக் காம்பே இல்லாததால் வயிற்றுத் தோலில் வியர்வை மாதிரி கசியும் பாலைக் குஞ்சு குடித்து மூன்று, நான்கு மாதம் வளர்கிறது. எனக்கு இதைவிட அழகான தாய்மை தெரியாது. எக்கிட்னா என்று ஒன்று உண்டு, பார்க்க நம் முள்ளம்பன்றி மாதிரி, ஆனால் சொந்தமில்லை. அது ஒரே முட்டையை வயிற்றுப் பையில் வைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மட்டுமே வாழும் இந்த இரண்டு வகையைத் தவிர, இன்று முட்டையிடும் பாலூட்டி உலகில் வேறு இல்லை.

உங்கள் மாமனார் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. பிளாட்டிபஸின் உடலை 1799இல் ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை வைத்துத் தைத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டார். அது முட்டையிடுகிறது என்பதை 1884இல்தான் வில்லியம் கால்டுவெல் என்ற விலங்கியல் அறிஞர் நேரில் கண்டு தந்தி கொடுத்தார், அதுவும் அங்குள்ள பழங்குடி மக்கள் தேடிக் கொடுத்த உதவியால்.

அழுங்கு மறுபடி வந்தால் தள்ளி நின்று வாலடியைப் பாருங்கள், குட்டி இருந்தால் மாமனாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.