ஜப்பானியமா, ஜெர்மனா? முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

கேள்வி: வயது 28. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நல்ல சம்பளத்துக்காக ஒரு வெளிநாட்டு மொழி படிக்க ஆசை. ஜப்பானியத்துக்குத்தான் கிராக்கி என்கிறார் நண்பர். அக்கா ஜெர்மன் என்கிறார். சேமிப்பில் நான்கு மாதச் சம்பளம் இருக்கிறது. எல்லா நிலைகளுக்கும் சேர்த்து முன்பே கட்டினால் சலுகை என்கிறது ஒரு பயிற்சி மையம். அதற்கே மூன்று மாதச் சம்பளம் போய்விடும். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மொழியைப் பற்றிப் பிறகு பேசலாம். கையிருப்பில் முக்கால் பங்கை ஒரே ரசீதுக்குக் கொடுப்பது எந்த மொழிக்கும் தகாது.

நண்பர் சொல்வது பொய்யல்ல. ஜப்பான் 2019இல் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவுக்கு, பெரும்பாலான துறைகளில், என்4 என்னும் தொடக்கநிலைத் தேர்ச்சியோடு தொழில்திறன் தேர்விலும் வென்றால் போதும். ஆனால் அது முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் போன்ற வேலைகளுக்கானது. அந்தக் கிராக்கியில் கணக்கருக்குப் பங்கில்லை. ஜெர்மனியில் செவிலியருக்கு பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழித் தர அளவில் நான்காவது படி) கேட்கிறார்கள் என்பதும் அப்படித்தான்; அது செவிலியரின் சந்தை, உங்களுடையது அல்ல.

உங்கள் சந்தையை நீங்களே அளக்கலாம். வேலைவாய்ப்புத் தளங்களில் உங்கள் பதவியின் பெயரோடு ஒவ்வொரு மொழியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரு மாதம், வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். விளம்பரத்தின் கடைசி வரிகளை ஊன்றிப் படியுங்கள். ‘பி2 கட்டாயம்’ என்றிருந்தால் அந்த மொழிக்குச் சம்பளம் உண்டு. ‘தெரிந்திருந்தால் நல்லது’ என்றிருந்தால் அது வெறும் அலங்காரம். அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். ஸ்பானிஷ், பிரெஞ்சு மொழிகளையும் தேடிப் பாருங்கள். வெளிநாட்டுக் கிளைகளின் பில்களைச் சரிபார்க்கும் பணிகளில் அவற்றைக் கேட்பதுண்டு.

அடுத்தது நேரம். உண்மையான செலவு அதில்தான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: வேலைக்குப் போதுமான ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, ஜப்பானியத்துக்கு 2,200. ஜெர்மன் இடையில், ஸ்பானிஷை ஒட்டி வரும். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் 750 மணிக்கு ஒன்றரை ஆண்டு, 2,200க்கு நான்கு ஆண்டுக்கு மேல். இது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. ஜப்பானிய வாக்கியத்திலும் வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழருக்கு இலக்கணம் அவ்வளவு மிரட்டாது. ஆனால் ஜப்பானியத்தில் புழங்கும் ‘கான்ஜி’ என்னும் சீன வழி எழுத்துகள் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை.

அரைகுறை மொழிக்கு அலுவலகங்களில் சம்பளம் கிடையாது. ஏ2 வரை வந்து நிறுத்தியவருக்கும் ஒன்றுமே படிக்காதவருக்கும் சம்பளச் சீட்டில் வித்தியாசம் தெரியாது. பி2 வரை போக முடியாது என்று தோன்றினால் அந்த நேரத்தைக் கணக்குத் துறையின் அடுத்த தேர்வுக்குக் கொடுங்கள். மொழியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்புத் தொழிலுக்குத் தாவ வேண்டாம். எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, விளம்பரங்களை எண்ணி முடித்தபின் ஏ1 நிலைக்கு மட்டும் பணம் கட்டுங்கள், அதுவும் மாதச் சம்பளத்திலிருந்து. தேர்வுக் கட்டணம் தனி என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிலைக்கு நிலை கட்டணம் வாங்க அந்த மையம் சம்மதிக்காவிட்டால் வேறு மையம் பாருங்கள்.