வகுப்பறையில் வீணான திறமையா?

கேள்வி: அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸ் 35 ஆண்டுகளைப் பள்ளி ஆசிரியப் பணியில் வீணாக்கிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் ஓவியர் ஆனார் என்று படித்தேன். திறமை உள்ளவர்கள் ஆசிரியப் பணிக்குப் போகக்கூடாது என்பதற்கு இது சான்றல்லவா?

பதில்: அல்ல. 'வீணாக்கி' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அவரைத் தடுத்தது எது என்பதையும் தாங்கள் தவறாகக் கணித்திருக்கிறீர்கள்.

ஆல்மா தாமஸ் 1891இல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். கருப்பினப் பிள்ளைகள் பொது நூலகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாத காலம் அது. 1907இல் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1924இல் ஹோவர்டு பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் முதல் பட்டதாரியாக அவர் வெளிவந்தபோது, ஒரு கருப்பினப் பெண் ஓவியம் வரைந்தே பிழைக்கும் வழியை அந்த நாடு திறந்து வைத்திருக்கவில்லை. அடைத்துக் கிடந்த அந்தக் கதவுக்கான பழியை வகுப்பறையின் மேல் போடுவது நியாயமாகாது.

வாஷிங்டனில் அவர் பாடம் நடத்திய ஷா இடைநிலைப் பள்ளியில் அவர் வெறுமனே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொண்டிருக்கவில்லை. மாணவர்களுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1934இல் முதுகலைப் பட்டம் பெற்றபோது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் பொம்மலாட்டத்தைப் பள்ளிப் பாடங்களோடு இணைக்கும் வழியைத்தான். கருப்பின ஓவியர்களின் படங்களைப் பள்ளிக்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். தம் சிறுவயதில் தமக்கு மறுக்கப்பட்டதைத் தம் மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்த ஒருவரின் ஆண்டுகளை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகே ஓவியரானார் என்பதும் சரியன்று. 1950களில், பகலில் பாடம் நடத்திவிட்டு, மாலைகளிலும் வார இறுதிகளிலும் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக உட்கார்ந்து ஓவியம் பயின்றார்; அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. 1960இல் ஓய்வு கிடைத்ததும் கூடியது நேரம்தான். பயிற்சி ஏற்கெனவே கையில் இருந்தது.

அந்தப் பயிற்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவருடைய வீட்டின் முன்னறைச் சாளரத்தில் பார்க்கலாம். வெளியே நின்ற ஹாலி மரத்தின் இலைகளுக்கிடையே ஒளி துண்டுதுண்டாக உள்ளே விழுந்ததைக் கண்டுதான், சிறுசிறு வண்ணத் தீற்றல்களை வரிசையாகவும் வட்டமாகவும் அடுக்கும் தம் பாணியை அவர் கண்டடைந்தார். தீற்றல்களுக்கு நடுவே விட்டுவைத்த வெள்ளை இடைவெளிகள் அந்த ஒளியைப் போலவே மினுங்கும். நெருங்கிப் பார்த்தால் முதலில் போட்ட பென்சில் கோடுகளும் தெரியும். தனிப் பட்டறை கிடையாது. மூட்டுவாதம் வாட்டிய கைகளோடு, கித்தானை மடியிலும் சோபாவிலும் சாய்த்து, திருப்பித் திருப்பி வைத்து வரைந்தார். நிலவுப் பயணங்களையும் அப்படித்தான் வரைந்தார்.

1972இல், எண்பது வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி நடத்திய முதல் கருப்பினப் பெண் ஆனார். அருங்காட்சியகத்துக்குள் போகவே முடியாதவர்களாக இருந்தோம், அங்கே எங்கள் படம் தொங்குவதை எப்படி நினைத்திருப்போம் என்று அவரே அந்த ஆண்டு சொல்லியிருக்கிறார். அந்தக் கண்காட்சி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்டால், அவருடைய பதில் அதுவே. அதில் பள்ளியைப் பற்றி ஒரு குறையும் இல்லை.