புதிதாகச் சர்க்கரை நோய்: ஒரு நாளைக்கு எத்தனை முறை குத்திப் பார்ப்பது, எந்த எண்ணை நம்புவது?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு வாரம் ஆகிறது, மாத்திரை தொடங்கியாயிற்று, குளுக்கோமீட்டர் வாங்கி ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது முறை பார்க்கிறேன், எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடங்களுக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். நான் மருத்துவர் இல்லை, நோயாளி. அந்த அளவில் படியுங்கள்.

எட்டு முறை குத்தியதில் தப்பில்லை. அந்த எட்டு எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? நான் முதல் மாதம் ஒன்றுமே செய்யவில்லை. குறைவாக வந்தால் சந்தோஷம், அதிகமாக வந்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல். ஒரு நோட்டு நிறைய எண்கள் இருந்தன. அதில் ஒன்றுகூட எனக்கு எதையும் சொல்லவில்லை.

பிறகு என் மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஜோடியாகப் பார்க்க வேண்டும். சாப்பிட உட்காரும்போது ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்குப் போடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வேளைச் சாப்பாடு செய்த வேலை. மூன்று நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் இப்படிப் பாருங்கள், அடுத்த மூன்று நாள் மதியம், அப்புறம் இரவு. ஒரு நாளைக்கு இரண்டே குத்துதான். எனக்கு எது ரொம்பப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேனோ, அந்த வேளையில்தான் 90 புள்ளி ஏறியிருந்தது. அதே சாப்பாட்டில் மாவுச்சத்தைப் பாதியாக்கி, சாப்பிட்டு எழுந்ததும் கால் மணி நேரம் நடந்தேன். ஏற்றம் 45க்கு வந்தது. நடக்கும்போது தசைகள் இன்சுலினின் உதவி அவ்வளவாக இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் விரலிலேயே பார்த்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தேன்.

இலக்கு என்று பொதுவாகச் சொல்வது சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழே. வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வேறு நோய் உள்ளவர்களுக்கும் இது மாறும். உங்கள் எண்ணை உங்கள் மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான் சொல்வதெல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சில மீட்டர்கள் மில்லிமோலில் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் இந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்தும் காலையில் 148 வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது ராத்திரிச் சாப்பாட்டின் குற்றமாக இருக்க வேண்டும் என்றில்லை. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்; கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் விடும். நோய் இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது, அவர்களுடைய இன்சுலின் அதைச் சமாளித்துவிடுகிறது. நான் இது தெரியாமல் இரவில் பட்டினி கிடந்து பார்த்தேன். காலை எண் அசையவே இல்லை, பசிதான் மிச்சம். மாத்திரை நன்றாகப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். வெறும் வயிற்று எண் பெரும்பாலும் கடைசியில்தான் வழிக்கு வரும் என்பது என் அனுபவம்.

அடுத்தது, ஒரே நிமிடத்தில் 131, 146 என்று இரண்டு எண்கள் வந்த விஷயம். மீட்டர் கெட்டுப்போகவில்லை. வீட்டு மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரத்தின்படி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையான அளவு 140 என்றால் 119ம் சரி, 161ம் சரி. அதனால் நேற்று 134, இன்று 141 என்பதை ஏற்றம் என்றே எண்ணாதீர்கள்.

ஆனால் கை சுத்தமில்லாமல் வரும் தப்பு இந்தக் கணக்கில் சேராது. ஒரு நாள் பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்தேன், 212. பயந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வேறு விரலில் பார்த்தால் 138. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்புக்கு வேண்டியது ஒரு பொட்டு ரத்தம், அதில் விரலில் ஒட்டிய இனிப்பும் கலந்தால் எங்கேயோ போய்விடும். ஈரம் இல்லாமல் துடைப்பதும் முக்கியம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி பாதிதான். விரலைப் பிழியாதீர்கள்; கையைத் தொங்கவிட்டு உதறினால் ரத்தம் தானாக வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். வீட்டில் வேறு யாராவது ஆசைக்குப் பார்க்கிறேன் என்றால் உங்கள் குத்தும் பேனாவைக் கொடுக்காதீர்கள், ஊசியை மாற்றிக்கூட வேண்டாம். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று அப்படிப் பரவியிருக்கிறது.

தாழ்சர்க்கரை பற்றிய பயத்துக்கு ஒரு பதில். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளிலும் இன்சுலினிலும் நடக்கும், அதனால் உங்கள் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் எனக்கு 105லேயே கை நடுங்கி வியர்த்தது. பல மாதம் உயரத்தில் பழகிய உடம்பு, சரியான அளவையே குறைவு என்று எண்ணிக்கொண்டது. சில வாரங்களில் அடங்கிவிட்டது. உங்களுக்கு நடுங்கினால் ஊகிக்காமல் முதலில் குத்திப் பாருங்கள். பார்க்க வசதியில்லை என்றால் குறைந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சாப்பிடுங்கள்.

சரி, எத்தனை முறை? இன்சுலின் போடுபவருக்கு வேறு கணக்கு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை மட்டும் என்றால், மேலே சொன்ன ஜோடிச் சோதனையை இரண்டு மூன்று வாரம் செய்துவிட்டு வாரத்துக்கு நான்கைந்து முறைக்கு இறங்கலாமா என்று கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். காய்ச்சல் வந்தாலோ ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தாலோ மறுபடி கூட்டுவேன், இரண்டுமே சர்க்கரையை ஏற்றும்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுப்பார்கள்; கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154 என்று கணக்கு. உங்கள் நோட்டுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள், அது இந்தச் சோதனையைக் குழப்பும். அன்றைக்கு மீட்டரையும் எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றில் நரம்பில் ரத்தம் எடுத்த உடனே விரலிலும் ஒரு குத்து. சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் விரல் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். எனக்கு ஆய்வகத்தில் 128, மீட்டரில் 137. அதற்கப்புறம் மீட்டரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.