எலும்பு, மூட்டு நோய்க்கான உலக முயற்சிகளால் கடலூருக்கு என்ன பயன்?

2000 முதல் 2010 வரை நடந்த 'எலும்பு, மூட்டுப் பத்தாண்டு' என்ற உலக முயற்சி கடலூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு என்ன செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெனீவாவில் தொடங்கிய அந்த முயற்சி நேராக யாருக்கும் மருந்து தரவில்லை. "வயசானா வரும்" என்று ஒதுக்கிய வலியை அரசுகள் கவனிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் சுமார் 171 கோடிப் பேருக்கு எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகள் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது எலும்பு முறிவுதான். ஐம்பது வயதுக்கு மேல், லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு மெலிந்ததன் (எலும்புப்புரை) அடையாளமாக அது இருக்கலாம், அடுத்து இடுப்பெலும்பே முறியலாம். முதல் முறிவிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கும் முறையை சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளை 2012 முதல் பரப்பி வருகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கட்டுப் போடும் டாக்டரிடமே கேளுங்கள்.

சரி, செலவு? செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017இல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. அப்புறம், தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அம்மாவுக்கு நடப்பது சிரமமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரியுங்கள்.